ஆர்டர் மாறிய மாவு

போன ஞாயிறு காலை. பதினாலாம் நம்பர் ஸ்டெல்லா டீச்சர் எங்கள் கேட்டில் நிற்கிறார் — கையில் காலித் தூக்குவாளி.

"எங்கக்கா ரெண்டு கிலோ இட்லி மாவு? பொண்ணு பார்க்க எட்டு மணிக்கு வர்றாங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அஸ்தினாபுரத்தில் என் மாவுக்காக எந்த வீட்டு இட்லிப் பானையாவது காத்துக் கிடந்ததுண்டா?

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இந்தப் பத்தியே நான் சொல்லச் சொல்ல மருமகள் வித்யா டைப் செய்வதுதான். வாட்ஸ்அப்பில் வரும் மாவு ஆர்டர்களைப் பொறுக்கியெடுக்கவும் அவளே ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். அது வாய்விட்டுச் சொல்லும், நான் அரைப்பேன்.

வீட்டுக்கென்று வைத்திருந்த மாவை வழித்துக் கொடுத்து டீச்சரை அனுப்பினேன். அப்புறம் விசாரணை.

'பதினாலாம் நம்பருக்கு ரெண்டு கிலோ இட்லி மாவு' என்று டீச்சர் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். புரோகிராமுக்கோ முதலில் மாவின் பெயர், பிறகு அளவு, கடைசியில் வீட்டு நம்பர்... அந்த வரிசையில் வந்தால்தான் ஆகுமாம்! நம்மில் யார் அப்படி வரிசை பார்த்துப் பேசுகிறோம்?

"ஏண்டி, உன் மெஷின் என்ன ரேஷன் கடை க்யூவா?"

"மாத்திடறேன் அத்தை. எழுத்துக்குள்ள தேட ரெகுலர் எக்ஸ்பிரஷன்னு ஒண்ணு, அதுல ஒரு வழி இருக்கு."

"எக்ஸ்பிரஷன்னா மூஞ்சில காட்டுறதுதானே?"

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சொன்னாள்: "வாசல்லயே நின்னு தெருவை எட்டிப் பாக்குறீங்க. மாவு பேர் எங்கயாவது இருக்கா? இருக்கு. தலையை உள்ள இழுத்துக்கறீங்க. அதே இடத்துலேர்ந்து மறுபடி எட்டிப் பாக்குறீங்க, அளவு இருக்கா? இன்னொரு தடவை, வீட்டு நம்பர். மூணும் இருந்தா ஆர்டர். எது முன்னாடி வந்தா என்ன, அந்த ஆர்டரை அது பாக்காது!"

அட! பால் வந்ததா, பூக்காரம்மா வந்தாளா, எதிர்வீட்டில் விருந்தாளி உண்டா — நான் தினமும் வாசலில் செய்கிற வேலைக்கு இங்கிலீஷில் இவ்வளவு பெரிய பெயரா!

சாயங்காலமே போன் பேசியது: 'புது ஆர்டர். இட்லி மாவு, ரெண்டு கிலோ, பதினாலாம் நம்பர்.' வித்யாவும் நானும் கைதட்டிக் குதிக்காத குறை. காலையில் கெட்ட பெயரை மீட்க வேண்டாமா? அரைத்து, பொங்கவிட்டு, மறுநாள் காலை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

டீச்சர் விழித்தார். "நான் எங்கக்கா ஆர்டர் பண்ணேன்? தேங்க்ஸ்தானே அனுப்பினேன்!"

போனை எடுத்துப் படித்தும் காட்டினார்: 'பதினாலாம் நம்பர்ல ஒரே கொண்டாட்டம் அக்கா! ரெண்டு கிலோ மாவும் காலி. உங்க இட்லி மாவைப் புகழ்ந்துகிட்டே சம்மதம் சொல்லிட்டாங்க!'

மூன்றும் இருக்கிறது. கேட்கிறாரா, கொண்டாடுகிறாரா என்பதை மட்டும் மெஷின் எட்டிப் பார்க்கவில்லை!

கல்யாணம் நிச்சயமான வீட்டு வாசலில் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"அதுக்காக ஆர்டரே இல்லாம மாவாக்கா?"

"ஆர்டர் பாக்காதேன்னுதானே, டீச்சர், மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தோம்!"