குதிரைக்கு ரத்தம் பார்த்த மாமா

என் மாமாவுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. குதிரைகளாக மாற்றிப் பார்த்துவிட்டால் அவருக்கு எல்லாரையும் பிடிக்கும். எங்கள் தலைமையாசிரியர் மட்டக்குதிரை. யார் ஏறினாலும் சுமப்பார். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தவர் அரபிக்குதிரை. ஒரு சொல் பொறுக்க மாட்டார். அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா வண்டிக்குதிரை. கண்ணுக்கு இரண்டு பக்கமும் மறைப்புக் கட்டிவிட்டால் வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு. அப்பா இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைவார். வண்டிக்குதிரைக்குக் கோபமே வராது என்பதற்கு மாமா அதையே சாட்சியாகக் காட்டுவார்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. வளைகுடாவில் யாரோ ஒரு பெரிய மனிதரின் லாயத்தில் பல வருஷம் லத்தி அள்ளி, குதிரைகளுக்கு உடம்பு தேய்த்துவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பி வந்தவர்கள் எல்லாரும் மாடி கட்டினார்கள், ஆட்டோ வாங்கினார்கள். மாமா அந்தியூர்ச் சந்தைக்குப் போய், குளம்பில் தொடங்கிக் கண் வரைக்கும் பார்த்து ஒரு பெண் குதிரையை வாங்கிக்கொண்டு விழிதியூரில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கட்டினார். காத்தியவாரிக் குதிரை. அதன் காதுகள் இரண்டும் உள்பக்கமாக வளைந்து உச்சியில் முட்டிக்கொள்ளும். அந்தக் காதுகளைக் காட்டி, இது ராஜா வீட்டுப் பிள்ளை என்பார். சாயங்காலங்களில் காரைக்கால் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுவார். கல்யாண மாதங்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கொண்டு போவார். அதே கடற்கரையில் கிளிஞ்சல்மேட்டுக்காரர் ஒருவர் மட்டக்குதிரை வைத்துச் சவாரி விட்டார். மாமா அவர் பக்கத்தில் நிற்க மாட்டார். குதிரை மட்டம் என்றால் வைத்திருப்பவனும் மட்டம் என்பது அவர் கணக்கு. இத்தனைக்கும் அந்த மனிதர் எங்களைக் கண்டால் எனக்குக் கடலை வாங்கிக் கொடுப்பார்.

இவ்வளவு பேசுகிற மாமா தன்னை என்ன குதிரை என்று சொன்னதே இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தாத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கும் மாமாவுக்கும் அப்பா. சாராயம் மலிவென்று சுற்றுவட்டாரத்துக்காரர்கள் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர் எங்களுடையது; தாத்தாவுக்கு அந்தப் பஸ் செலவும் மிச்சம். நஞ்சை போயிற்று, பாத்திரம் போயிற்று, கடைசியில் ஒரு மழைக்காலத்தில் வாய்க்காலோரம் கிடந்து அவரும் போய்ச் சேர்ந்தார். கல்யாணமாகி வந்தபோது அம்மா தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டே இந்த வீட்டுக்கு வந்தாள். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமா சாராயத்தைத் தொட்டதில்லை. ஊர்வலத்தில் மாப்பிள்ளைத் தோழர்கள் யாராவது பாட்டிலை நீட்டினால் குதிரையைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார். அப்படியிருந்தும் அவருக்கு வந்த வரன்களெல்லாம், அந்தக் குடிகாரர் மகனா என்ற கேள்வியோடு திரும்பிப் போயின. அம்மா ஒவ்வொரு தடவையும் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு, மறுநாள் இன்னொரு ஜாதகத்தை எடுப்பாள்.

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது கோட்டுச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் நெருங்கி வந்தது. அந்தப் பெண் பால்வாடியில் டீச்சர். அண்ணன் பிள்ளைகளோடு கடற்கரைக்கு வருவாள். மற்றவர்கள் எட்டி நின்று வெல்லத்தைத் தூக்கிப் போடும்போது, இவள் உள்ளங்கையை விரித்துக் குதிரையின் வாய்க்கு நேராக நீட்டுவாள். மாமாவைப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் அவளே சொல்லியிருந்தாள். அவள் அப்பா தாத்தாவைப் பற்றித் தெரிந்தும் ஒதுக்கவில்லை. நாலு இடத்தில் விசாரித்தார், பையன் குடிப்பதில்லை என்று நம்பினார். ஜாதகமும் பொருந்தியது. இனி மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுப் பூ வைக்க நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

அவரும் அவர் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அம்மா கேசரி கிண்டியிருந்தாள். அவர் கேசரியைச் சாப்பிட்டார், கொல்லையில் தென்னைகளைப் பார்த்தார், என் கன்னத்தைத் தட்டி என்ன படிக்கிறாய் என்று கேட்டார். எல்லாம் நல்லபடியாகவே போயிற்று. பிறகு, "குதிரையைப் பாக்கலாமா தம்பி?" என்றார்.

கேட்க வேண்டுமா! மாமாவுக்கு வாயெல்லாம் பல். கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காதைக் காட்டினார், காலைத் தூக்கிக் குளம்பைக் காட்டினார், அரபி எப்படி, காத்தியவாரி எப்படி, மட்டம் ஏன் மட்டம் என்று ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை போல அடக்கமாகக் கேட்டார்.

"வளக்கிற விதத்துல மாத்திட முடியாதுங்களா?"

"அதெல்லாம் பேச்சுக்குங்க. ரத்தம்தாங்க எல்லாம். தகப்பன் எப்படியோ குட்டி அப்படி."

பெரியவர் குதிரையின் கழுத்தைத் தடவினார். "குட்டி பாக்க நல்லா இருக்கு, குணமும் நல்லா இருக்கு. ஆனா தகப்பன் சரியில்லை. வாங்குவீங்களா?"

"சும்மா குடுத்தாலும் வேணாம்ங்க" என்றார் மாமா. "இன்னைக்கு நல்லாத்தான் இருக்கும். உள்ள இருக்கிறது என்னைக்காவது ஒரு நாள் வெளியில வந்துடும். ஏறி உக்காந்தவன் பாடுதான் திண்டாட்டம்."

காப்பித் தட்டோடு வந்த அம்மா கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா தேவையே இல்லாமல் இருமினார். "மாப்ள, காப்பி ஆறுது பாருங்க" என்றார். மாமா அப்போதும் நிறுத்தவில்லை. லாயத்தில் பார்த்த ஏதோ ஒரு குதிரையின் கதையை எடுத்துவிட்டார். நான் பெருமையோடு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் மாமாவுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று அவர்கள் வாயடைத்துப் போய்விட்டதாகவே நினைத்தேன்.

பதில் இரண்டொரு நாளில் வந்தது. தரகரை விடாமல் அந்தப் பெரியவரே அப்பாவுக்கு போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினாராம். உங்கள் மச்சினர்மேல் ஒரு குறையும் இல்லை, எல்லாம் மறந்து கட்டிக்கொடுக்கத்தான் வந்தேன், ஆனால் விஷயம் தெரிந்தவர் அவரே அப்படிச் சொன்ன பிறகு பெற்ற மனசுக்குத் துணிச்சல் வரவில்லை என்றாராம்.

இதற்குப் பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. குதிரையை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். மாமா துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் காவலுக்குப் போனார். இன்றும் போகிறார். தலை நரைத்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதன் பிறகும் வரன் வராமல் இல்லை, நல்ல இடங்களே வந்தன. எதற்கு இன்னொரு வீட்டுப் பெண்ணைக் கெடுக்க வேண்டும் என்று ஒரே பதில். ஒரு சொட்டுக் குடித்ததில்லை, இன்று வரைக்கும். அந்தப் பெரியவர்மேல் எனக்கு வெகுகாலம் ஆத்திரம் இருந்தது. பாவி மனுஷன், வாயைப் பிடுங்கிவிட்டுப் போனாரே என்று. இப்போது யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

போன் வந்த அன்றைக்கு அப்பா விஷயத்தைச் சொன்னதும் அம்மா கொட்டகைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மாமா தொட்டியில் கொள்ளு கொட்டிக்கொண்டிருந்தார்.

"போடா, போய் அவர் கால்ல விழு. குதிரையைப் பத்தித்தான் பேசினேன், என்னைப் பத்திப் பேசலைன்னு சொல்லு."

மாமா கொள்ளைக் கையால் பரப்பிவிட்டார். குரலில் கோபமில்லை. "அவர் தப்பா ஒண்ணும் சொல்லலையேக்கா. எனக்குத்தான் இத்தனை நாளா இது தோணல."

"என்னடா தோணல? நீ ஒரு நாள் குடிச்சிருக்கியா?"

"இன்னைக்கு வரைக்கும் இல்ல."

அந்தப் பதிலைக் கேட்டு அம்மா அவர் தோளில் அடித்தாள். அவர் வாங்கிக்கொண்டு நின்றார். மறுபடியும் அடித்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து அவருக்கு முன்னால் நிறுத்தினாள்.

"அப்ப நான் யாருக்குடா பொறந்தேன்? இவ யாரு? சொல்லு, இவ யாரு?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்ததே இல்லை. பாதத்தில் ஆரம்பித்தார். முழங்கால், தோள், கழுத்து என்று நிதானமாக மேலே வந்து கண்ணில் நிறுத்தினார். அம்மா சட்டென்று முந்தானையால் என்னை மூடப் பார்த்தாள். நான் அவள் கையை விலக்கிவிட்டேன். நான் வளர்ந்திருப்பதைத்தான் மாமா பார்க்கிறார் என்று நினைத்தேன். குதிகால்களை ஒட்டி வைத்து, மூச்சை இழுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உயரமாக நின்று காட்டினேன்.