சாமி பிடித்துக்கொண்டிருந்த கார்

கன்னையாவை ஊரில் பாட்டுக்காரர் என்பார்கள். அவர் வாய் திறந்து ஒரு வரி பாடியதை யாரும் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தில் ஏலத்துக்குப் பாட்டு என்று பேர். தெலுங்கிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல். ஏலம் கேட்பது பாடுவது, ஏலத்தில் எடுப்பது பாடி எடுப்பது. சாலையோரப் புளிய மரங்களின் காய்ப்பைச் சித்தூரில் ஏலம் விடும்போது வருஷா வருஷம் கன்னையா போவார். வரும்போது நல்ல மரங்கள் அவர் கையில் இருக்கும்.

அவருக்கென்று சில கணக்குகள் உண்டு. மரத்தைக் காலையில் ஒருமுறை, வெயில் சாய்ந்தபின் ஒருமுறை பார்க்க வேண்டும். ஏலக்காரன் புகழும் மரத்தைத் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: எதிரே நிற்கிறவன் சீக்கிரம் வாயை மூடிக்கொண்டால் தானும் மூடிக்கொள்ள வேண்டும், அவனுக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. புத்தூருக்கும் நாராயணவனத்துக்கும் இடையில் இருந்த அந்தச் சின்ன ஊரில் யார் எதை ஏலத்தில் எடுக்கப் போனாலும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அப்படிப்பட்டவர்தான் அந்தக் காரைப் பாடி எடுத்தார்.

மகள் மனோரமாவுக்குத் திருத்தணிப் பக்கம் இடம் கூடியிருந்தது. தை மாதம் மலையடிவாரத்தில் கல்யாணம். ராஜ்ய எல்லை முடிவாகி, வரும் சித்திரை நெருக்கத்தில் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகிறது என்று தெரிந்துவிட்ட சமயம். கன்னையாவின் ஊர் ஆந்திராவிலேயே நிற்கும். சம்பந்தி வீட்டார் பேச்சுக்குப் பேச்சு, "உங்க பக்கம்", "எங்க பக்கம்" என்றார்கள். ஒருநாள் மாப்பிள்ளையின் சித்தப்பா, "பொண்ண எதுல கூட்டியாருவீங்க, கட்ட வண்டியா?" என்று சிரித்தார். கேட்டவர் அப்போதே மறந்திருப்பார். கன்னையாவுக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மார்கழியில், திருப்பதியில் ஒரு மடத்துக் காரை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டார். யாரோ பக்தர் மடத்துக்குக் காணிக்கையாக விட்ட கறுப்புக் கார். பெரிய சாமியார் ஏறிப் போன வண்டி. மனைவி தாட்சாயணி, "நமக்கு எதுக்கு அதெல்லாம்? மரம் பாக்கத் தெரிஞ்சா வண்டி பாக்கத் தெரியுமா?" என்றாள். "மடத்து வண்டிடீ. அதுல இன்னா பாக்கறது?" என்றார் கன்னையா.

மடத்து முற்றத்தில் கார் நின்றது. மாலை போட்டிருந்தார்கள். சித்தூரிலிருந்து வந்த இரண்டு மெக்கானிக்குகள் துண்டை விரித்து அதன் அடியில் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். காலை நீட்டிக்கொண்டு, வாயில் பீடியோடு. கன்னையாவுக்கு உடம்பு கூசியது. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். காரை வலமாகச் சுற்றி வந்து மட்கார்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மடத்து டிரைவர் ரங்கையா பக்கத்தில் வந்தான். "மூத்த தீசி சூடண்டி," என்றான். மூடியைத் திறந்து பாருங்கள் என்கிறான். திறந்து பிடித்ததும் அவன்தான். உள்ளே இஞ்சினின் பக்கவாட்டில், கையகலத்துக்குத் தடிப்பாகத் திருமண் குழைத்து ஒரு நாமம் போட்டிருந்தது. நடுவில் சிவப்புக் கோடு. கன்னையாவின் கைகள் தாமாகக் குவிந்தன.

"சாமே பட்டுக்கோனுண்டாடு," என்றான் ரங்கையா. சாமியே பிடித்துக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டுக் கன்னையாவின் முகத்தையே பார்த்தான். இன்னும் ஒரு கேள்விக்குக் காத்திருந்தவன் மாதிரி. கன்னையா தலையை ஆட்டி மூடியை மூடச் சொல்லிவிட்டார்.

ஏலம் தொடங்கியது. "உன்னதி உன்னட்டே" என்று மடத்து மணியக்காரர் கூவினார். உள்ளது உள்ளபடி, பின்னால் வந்து குறை சொல்லக் கூடாது. கன்னையாவுக்குப் பழகிய சொல்தான். மெக்கானிக்குகள் இரண்டு தடவை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அவருடைய கணக்குப்படி அவரும் அங்கேயே மூடியிருக்க வேண்டும். பக்தி இல்லாத பசங்க என்று நினைத்துக்கொண்டு அவர் மேலே போனார். எதிரே யாரும் இல்லை. தன்னையே எதிர்த்துக் கேட்டுக்கொள்வதுபோல் இன்னும் ஒரு படி ஏற்றினார். சாமி சொத்தைக் குறைந்த விலைக்கு எடுத்தான் என்று இருக்கக் கூடாது. ஒரு பருவத்துப் புளிக்காசு அங்கே இறங்கியது.

வண்டி போனதும் மடத்தில் வேலை இல்லை என்று ரங்கையாவும் கூடவே வந்துவிட்டான். திருப்பதியிலிருந்து ஊர் வருவதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினான். "தாகம் எடுக்குது," என்றான். கன்னையாவும் சிரித்தார். ஊரில் கார் நுழைந்தபோது பெண்கள் சூடம் கொளுத்தினார்கள். கல்யாணம்வரை அதை அசைக்க அவர் விடவில்லை.

கல்யாணத்தன்று மனோரமாவும் இரண்டு பெண்களும் பின்னால் உட்கார்ந்தார்கள். கன்னையா முன்னால். சொந்தக்காரர்கள் முதல் பஸ்ஸில் போய்விட்டார்கள். புத்தூர் தாண்டியது. நகரி கடைத்தெருவில், நல்ல கூட்டத்தின் நடுவில், கார் ஒருமுறை குலுங்கி நின்றது. ரங்கையா மூடியைத் திறந்தான். நாமத்தின் நடுக்கோட்டில் திருமண் பெயர்ந்து, உள்ளேயிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது. ஒரு கிழவர் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற சைக்கிள் கடைக்காரன் குனிந்து பார்த்துவிட்டு உரக்கச் சொன்னான்:

"இஞ்சினு வாயப் பொளந்துகினு கீது. பத்த வெச்சி, மேல நாமம் போட்டு அனுப்பிக்கிறாங்க. யாருக்கய்யா போட்டாங்க இந்த நாமத்த?"

கூட்டம் சிரித்தது. கன்னையா ரங்கையாவைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தபடி, "அப்புடே செப்பினா கதா," என்றான். அப்போதே சொன்னேனே. சொன்னான்தான். சாமிதான் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னான். அதைவிட வெளிப்படையாக மடத்துச் சம்பளக்காரன் எப்படிச் சொல்வான்?

அதுவரை நடந்ததுகூட ஒரு நஷ்டம், அவ்வளவுதான். பிறகு நடந்ததை எந்த மடத்தின் தலையிலும் போட முடியாது.

சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டை வண்டிக்காரன் நின்றான். நல்லவன். வைக்கோலை உதறிப் போட்டு, "பொண்ண இதுல ஏத்துங்க, நேரத்துக்குப் போயிடலாம்," என்றான். மனோரமா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள்.

"உள்ள உக்காரு," என்றார் கன்னையா.

"நைனா, நா வண்டியிலயே வரேன் நைனா. இதுல வாணாம்."

"உக்காருன்னா உக்காரு. எம் பொண்ணு கட்ட வண்டியில வந்தாள்னு அவங்க சொல்லக் கூடாது."

மாடுகளை அவிழ்த்துக் காரின் முன்னால் பூட்டச் சொன்னார். வண்டிக்காரன் அவரை ஒருமாதிரி பார்த்துவிட்டுக் கயிற்றை எடுத்தான். ரங்கையா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். அப்படியே திருத்தணிவரை போனார்கள். வழியெல்லாம் பையன்கள் கூவிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். மனோரமா முந்தானையை முகத்தின்மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். முன்னால் உட்கார்ந்திருந்த கன்னையா திரும்பியே பார்க்கவில்லை. ஆனால் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

மலையடிவாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்து நின்றார்கள். சித்தப்பா மாடுகளைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"இன்னா சம்மந்தி, உங்க ஆந்திராவுல காருக்குக்கூடக் கொம்பு மொளைக்குமா?"

மேளக்காரர்கள்வரை சிரித்தார்கள். "எங்க பக்கம் பெட்ரோல் ஊத்துவோம். நீங்க புண்ணாக்கு வைக்கிறீங்க," என்று இன்னொருவர். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. தாலி கட்டி முடிந்தது. காலில் விழுந்து எழுந்தபோது மனோரமா கன்னையாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அது அழுகை என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

காரை அதே மாடுகள்தான் ஊருக்கு இழுத்து வந்தன. ரங்கையா நகரியிலேயே இறங்கிக்கொண்டான். அங்கிருந்து ஸ்டியரிங்கைக் கன்னையாவே பிடித்துக்கொண்டார். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில், தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி அது நின்றது. உள்ளே தள்ள இடம் இல்லை. கோழிகள் ஏறிக்கொண்டன. அந்தப் பருவத்துப் புளிய மர ஏலத்துக்குக் கன்னையா போகவில்லை. பாட்டுக்காரரே என்று யாராவது கூப்பிட்டால் காது கேளாதவர்போல நடந்தார். திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. ஆடிக்கு மகளும் மருமகனும் வருவார்கள். அதற்குள் அந்தக் கார் அங்கே இருக்கக் கூடாது. அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆனி மாதம் ஆள் வந்தது. பங்காருபாளையத்து மாம்பழ வியாபாரி எத்திராஜ், மடத்துக் கார் ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அன்று விடிந்ததும் கன்னையா குளித்தார். கோழி எச்சத்தைக் கழுவினார். பிறகு திருமண்ணைக் குழைத்தார்.

"இன்னிக்கி இன்னா பூசை?" என்றாள் தாட்சாயணி.

அவர் காரின் மூடியைத் தூக்கினார். வெடிப்பின் மேல் நாமத்தைத் தடிப்பாகப் போட்டார். நடுக்கோடு கோணாமல் வந்தது.

எத்திராஜ் வாட்டசாட்டமான மனிதர். கன்னையாவைவிட உஷார். வந்ததும் சக்கரத்தை உதைத்துப் பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார்.

"ஏலத்து வண்டி பாருங்க, கொஞ்சம் ரோசனையாத்தான் இருந்திச்சி. விக்கறவன் மூஞ்சி தெரியாது, ஓட்டிப் பாக்க உட மாட்டான். நம்மள மாதிரி ஆளுங்க அந்தப் பக்கமே போவக் கூடாதுன்னு என் மச்சான் சொல்லுவான். அப்புறம், மடத்து வண்டின்னாங்க. மூடியத் தெறங்க, பாக்கலாம்."

கன்னையா திறந்தார். எத்திராஜ் எட்டிப் பார்த்தார். கையைக் குவித்தார்.

"அட, உள்ளயும் சாமி!"

"சாமியே புடிச்சிக்கினு கீறாரு," என்றார் கன்னையா.

சொன்னபிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவருக்கு உறைத்தது. ரங்கையாவாவது சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தான், ஒரு கேள்விக்குக் காத்திருந்தான். அவர் எத்திராஜின் முகத்தைப் பார்க்கவில்லை.

எத்திராஜ் செருப்பைக் கழற்றினார். காரை வலமாகச் சுற்றத் தொடங்கினார். "தாட்டியான வண்டி," என்றார் அந்தப் பக்கத்திலிருந்து. "எம் பொண்ணு யசோதாவுக்கு ஆவணியில கல்யாணம். அவள இதுலதான் கூட்டிகினு போவணும்."

"வாணாம்," என்றார் கன்னையா.

"இன்னா வாணாம்?"

"இத்த வாணாம். ஓடாது."

எத்திராஜ் நின்றார். பிறகு சிரித்துவிட்டார். "பாட்டுக்காரர்னு சும்மாவா பேர் வெச்சாங்க! வாணாம்னு சொன்னா நான் மேல ஏறுவேன்னு பாக்கறீங்களா? சரி, ஏறிட்டேன். இன்னும் கொஞ்சம் சேத்துத் தரேன், போதுமா?"

கன்னையா தோளிலிருந்த துண்டை எடுத்தார். மாட்டுத் தொட்டியில் நனைத்துக்கொண்டு வந்தார். நாமத்தைத் துடைத்தார். ஒரே துடைப்பில் போகவில்லை. வெள்ளையும் சிவப்புமாகக் கரைந்து இஞ்சினின் பக்கத்தில் வழிந்தது. அடியில், பற்றவைத்த தழும்பும் அதன் மேலேயே மறுபடி பிளந்த கோடும் தெரிந்தன.

எத்திராஜ் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவினார்.

"இது எப்போ போட்ட நாமம்?"

"காலையில."

"ஆரு போட்டது?"

"நாந்தான்."

எத்திராஜ் திரும்பிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். "துட்டு போயிருந்தா சம்பாரிச்சிக்கலாம். சாமிய நடுவுல நிக்க வெச்சிட்டியே, பெரிய மனுசா," என்றார். நீங்கள் என்பது போய்விட்டிருந்தது. உண்மையைச் சொன்னதற்கு ஒரு வார்த்தை வரும் என்று கன்னையா எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. எத்திராஜ் பஸ் ரோட்டுக்குப் போய்ச் சேர்கிறவரை துண்டைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கதவருகில் தாட்சாயணி நின்றிருந்தாள்.

ஆடியில் மகளும் மருமகனும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கார் அங்கேயே நின்றது. மருமகன் அதைச் சுற்றிப் பார்த்தான். மூடியைத் தூக்கினான்.

"அன்னிக்கி இதுல நாமம் இருந்துதே மாமா?"

"அழிச்சிட்டேன்."

"ஏன்?"

அவர் மகளைப் பார்த்தார். நகரியில் திரும்பிப் பார்த்திருக்க வேண்டிய முகம். "ஒருத்தர் அவங்க பொண்ணுக்குன்னு வாங்க வந்தாரு," என்றார்.

மனோரமா உள்ளே போனாள். மறுநாள் காலையில் துவைத்த புடவையைக் கொடியில் இடம் இல்லாமல் கார்மேல் விரித்துப் போட்டாள். காற்றில் ஒரு ஓரம் தூக்கியது. கன்னையா போய் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு கல்லை எடுத்து வந்து அதன்மேல் வைத்துவிட்டு, "உடு நைனா, அது நிக்கும்," என்றாள்.