உதவிகுருவின் ஸ்டோல்

இதைக் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் தையல்காரம்மாவுக்கு இன்றைக்கும் கோபம் மூக்குக்கு மேல் வரும். வியாழக்கிழமை, பட்டப்பகலில், அவள் கண்ணெதிரே நடந்தது.

அன்று விடியற்காலையில் அவளுடைய தம்பி மாரடைப்பில் போய்விட்டான். ஆலயத்தின் உதவிகுரு அவன். நாலரைக்கு அடக்கம். ஆயர்கள் உடுத்திக்கொள்ளும் அறையில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். கறுப்பு அங்கி, அதன்மேல் வெள்ளை மேலங்கி, எல்லாம் அவள் கையால் தைத்தவை. கடைசியாக, தோளில் போடும் நீளமான பட்டுப் பட்டையை, ஸ்டோலை, எடுத்தாள். கழுத்தைச் சுற்றி, இரு முனையும் நெஞ்சின்மேல் நேராகத் தொங்கும்படி போட்டாள்.

உள்ளே வந்த ஆயர், அவனுக்கு மேலிருந்த ஆலயத்துக் குரு, முகம் சுளித்தார்.

"என்னம்மா இது? நேரா போடறது குருவுக்கு. கிறிஸ்துவோட நுகம்னு அர்த்தம். உதவிகுருவுக்கு இடது தோள்லேருந்து குறுக்கே வரணும், பந்தி பரிமாறுறவன் துண்டு மாதிரி. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் ஐயா. பதினோரு வருஷம் பரிமாறிட்டான். நீங்க ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதியிருந்தா எப்பவோ குருவாகியிருப்பான். வருஷா வருஷம் 'அடுத்த தடவை பாப்போம்'னீங்க. இனி எந்தத் தடவை?"

"செத்தவங்களுக்குப் பட்டம் கொடுக்க நான் யாரு? ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு."

அவரே ஸ்டோலைக் குறுக்கே இழுத்து, வலது இடுப்பருகே ஊக்கு குத்திவிட்டுப் போனார். மணி 2.50.

அவள் கதவைத் தாழிட்டாள். தம்பியை முறைத்தாள்.

"வாயில்லாப் பூச்சி! இப்பவாவது உனக்கு ரோஷம் வராதாடா?"

3.10.

டிக்...

ஊக்கு தரையில் கிடந்தது. திறந்தபடி. ஜன்னல் மூடியிருந்தது. காற்றில்லை. குனிந்து எடுத்து நிமிர்ந்தாள். ஸ்டோல் நேராக இருந்தது.

ஆயரைக் கூப்பிட்டாள்.

"விளையாடறீங்களாம்மா?" என்று சீறியபடி, இந்த முறை இரண்டு ஊக்கு குத்தினார்.

3.22.

டிக்... டிக்...

இருவர் கண்முன்னே பட்டு ஊர்ந்தது.

மெதுவாக...

நேராக...

ஆயர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. ஊக்கு டப்பாவை அவரிடம் நீட்டினாள்.

"குத்துங்க. நிறைய இருக்கு."

அவர் கை நீட்டவில்லை. நேராகவே புதைத்தார்கள்.

குருப்பட்டம் கொடுக்கும் அதிகாரம் பேராயருக்குத்தான். இருநூறு மைல் தள்ளியிருந்த அவருக்கு மரணச் செய்தி வெள்ளிக்கிழமைதான் போனது. திங்களன்று அவளுக்கு அவரிடமிருந்து கடிதம் வந்தது. தேதி, வியாழக்கிழமை.

"உங்கள் தம்பி இன்று பிற்பகல் மூன்று மணிக்கு என் வீட்டுக்கு வந்தார். அவசரம் என்று மட்டும் சொல்லி முழந்தாளிட்டார். மறுக்க மனம் வரவில்லை. குருவாக அபிஷேகம் செய்து, பதிவேட்டிலும் எழுதிவிட்டேன். ஒன்று மட்டும். தலையில் கை வைத்தபோது பனிக்கட்டிபோல் சில்லிட்டிருந்தது. டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்."