கூடைக்கயிற்றுக்கு ஒரு குல்லா

என் மனைவி மொட்டை போடப்போகிற செய்தி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்து, கடைசியாகத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் அவளாகச் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்கா, என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை வைத்து நானே துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கொட்டகலைக் கடைவீதியில் ஒரு துணிக்கடை வாசலில் தையல் மெசின் போட்டிருப்பவன் நான். மனைவி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். போன மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் இருக்கும் பாசிபிடித்த படியில் வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டேன். எலும்பு கூடிவிடும், ஆனால் மெசின் மிதிப்பதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். தையல்காரனுக்குக் கால் போனால் மிச்சமிருப்பது வாய்தான். கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, அவள் வைத்த ரசத்தில் உப்பில்லை, அவள் கூட்டிய இடத்தில் குப்பை இருக்கிறது என்று அந்த வாயை நன்றாகவே ஓட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பொறுமைசாலி என்று நினைத்துவிட வேண்டாம். மனசுக்குள் வேறொரு பேரம் நடந்துகொண்டிருந்தது. நான் மறுபடி மெசின் மிதித்தால் முடியைக் கொடுக்கிறேன் என்று தோட்டத்து மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

கட்டுப் பிரித்து, நொண்டி நொண்டி நடந்து, ஒருநாள் வீட்டில் இருந்த பழைய மெசினில் ஒரு தலையணை உறை தைத்து முடித்தேன். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, தையலை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள். அக்கா சிரித்தது அதற்கு அடுத்த நாள்.

"என்னைய ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்று கத்தினேன். இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி அவளுக்கு. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

"நான் ஒங்ககிட்டயா வேண்டுனேன்?" என்றாள்.



மாரியம்மன் திருவிழா அன்று, மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனத்தோடு கோயிலிலிருந்து வந்தாள். பார்க்கச் சங்கடமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தால், இத்தனை வருஷம் முடிக்குள் ஒளிந்திருந்த இரண்டு சின்னக் காதுகள். அவ்வளவு அழகு. சொன்னால் கிண்டல் என்று நினைப்பாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

சந்தனத்தைக் கழுவிய பிறகுதான் இன்னொன்றைப் பார்த்தேன். நெற்றிக்கு மேலே, உச்சிக்கு முன்னால், ஒரு காதுப் பக்கத்திலிருந்து மறு காதுப் பக்கம் வரை இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தடம். அந்த இடம் மட்டும் லேசாக அமுங்கி, தோல் மினுங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்று தொட்டுக் கேட்டேன்.

"கூடைக்கயிறு. வேற என்ன?" என்றாள், வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல.

முதுகில் தொங்குகிற கூடையின் பாரம் முழுவதையும் தலையில் போட்ட கயிறுதான் தாங்கும். இது எனக்குத் தெரியாததல்ல. என் அம்மாவும் அப்படித்தான் சுமந்தாள். ஆனால் அது தலையில் ஒரு வாய்க்கால் வெட்டும் என்று தெரியாது.

மறுநாள் காலை அவள், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிவிட்டாள். முடி முளைக்கிற வரைக்குமாவது வீட்டில் இரு என்றேன். "ஒங்க கால் ஒடிஞ்சப்ப இருந்தது போதும்," என்றாள். கயிற்றுக்கு அடியில் தலையில் போட்டுக்கொள்ளும் தடித்த துணிக்கு எங்கள் பக்கம் கொங்காணி என்று பெயர். முடி இருந்தால் அது பிடித்து நிற்கும். மொட்டைத் தலையில் நிற்குமா? சாயங்காலம் வந்தபோது அந்தத் தடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. இரண்டாம் நாள் ரத்தம் கசிந்தது. தேங்காயெண்ணெய் தடவினேன். எரிந்திருக்கும். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கடையில் விற்கும் கம்பளிக் குல்லா வாங்கிக் கொடுத்தேன். அதுவும் கயிற்றோடு சேர்ந்து வழுக்கியது. அப்போதுதான் எனக்கு ரோஷம் வந்தது. தையல்காரன் பெண்டாட்டி தலையில் கடைக்குல்லாவா?

முதலில் என் புத்தி சாக்குப் பக்கம் போனது. அரிசி வருகிற பின்னல் சாக்கு கிழியாது, வழுக்காது, தூக்கித்தான் போடப் போகிறோம். நல்ல யோசனைதான். வெட்டித் தைத்து, காலையில் அவசர அவசரமாக அவள் தலையில் மாட்டி அனுப்பினேன். வெட்டும்போது எழுத்து எந்தப் பக்கம் வருகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. நெற்றிக்கு நேராக, சிவப்பில், "நிறை 50 கிலோ" என்று இருந்திருக்கிறது. மலையில் அவளைப் பார்த்த பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில், கூடையை இறக்கிவிட்டு இவளைத் தராசில் ஏற்றுங்கள், எழுத்து உண்மையா பார்ப்போம் என்று ஒருத்தி சொன்னாளாம். சாயங்காலம் அந்தக் குல்லா என் முகத்தில் வந்து விழுந்தது. அவளும் சிரித்துக்கொண்டுதான் எறிந்தாள். ஆனால் தலையில் காயம் அப்படியேதான் இருந்தது.

மெத்தென்று இருக்க வேண்டும், நனையக்கூடாது, நகரக்கூடாது. வீட்டைக் குடைந்தேன். அலுமாரிக்கு மேலே கம்பி ஒடிந்த குடைகள் நான்கைந்து கிடந்தன. இந்த ஊரில் ஒடிந்த குடை இல்லாத வீடு கிடையாது, யாரும் எறிவதும் கிடையாது. குடைச்சீலை வெளிப்பக்கத்துக்கு ஆயிற்று. முழங்கை ஓட்டையான என் ஸ்வெட்டர் உள்பக்கத்துக்கு. கயிறு அழுத்துகிற இடத்துக்குத்தான் எதுவும் சரிப்படவில்லை. பஞ்சு வைத்தால் ஒரே நாளில் கட்டிதட்டிவிடும். துணியை மடித்து வைத்தால் விளிம்பு உறுத்தும்.

அலுமாரிக்குள் என் கல்யாணக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கருநீலம். நான் தைத்த முதல் கோட்டு, எனக்காகவே தைத்தது. பித்தான் போட்டுப் பல வருஷமாகிறது, வயிறு விடுவதில்லை. ஆனாலும் எந்தக் கல்யாணத்துக்கும் அதைத்தான் திறந்தபடி போட்டுக்கொண்டு போவேன். அதன் தோளைத் தற்செயலாகப் பிடித்தேன். உள்ளே தோளை நிமிர்த்திக் காட்ட வைக்கிற திண்டு. நடுவில் தடிப்பு, ஓரத்துக்குப் போகப் போக மெலிவு, வளைவும் கூடவே. தலைக்கென்றே செய்தது போல இருந்தது. பொய் சொல்வானேன், மனசு வரவில்லை. பிறகு தையலைப் பிரித்தேன்.

இரண்டு திண்டையும் சேர்த்துவைத்துத் தைத்து, கயிறு விலகாமல் இருக்க முன்னும் பின்னும் ஒரு வரம்பு எடுத்து, காதை மூடாமல் முடித்தேன். காது தெரிய வேண்டும் என்பது என் ஆசை, அதற்கும் காயத்துக்கும் சம்பந்தமில்லை. மனைவி முதலில் பார்த்தது குல்லாவை அல்ல, தோள் தொங்கிப்போன கோட்டை.

"ஐயோ, மக கல்யாணத்துக்கு என்னத்தப் போடுவீங்க?"

"இதத்தான். உள்ளுக்கு என்னோட தோள் இருக்கே."

அவள் குல்லாவை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். அன்று நான் கடைக்குப் போகவில்லை. காம்பராவுக்கு முன்னாலுள்ள இஸ்தோப்பில் உட்கார்ந்து, பழுதே இல்லாத ஒரு குடையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் வந்தவள் கூடையை இறக்கிவிட்டு, குல்லாவைக் கழற்றி, தலையை என் முன்னால் குனிந்து காட்டினாள். கசிவு இல்லை. காயம் காய்ந்து பொருக்குத் தட்டத் தொடங்கியிருந்தது.

"பரவாயில்ல," என்றாள். அவளிடம் இதற்கு மேல் பாராட்டு கிடைத்ததாக வரலாறு இல்லை.

குல்லாவைப் படமெடுத்துக் கொழும்பில் வேலை செய்யும் மகளுக்கு அனுப்பினேன். உடனே பேசினாள். "அப்பா, பழசுல செஞ்ச தொப்பிக்குத்தான் இங்க இப்ப மவுசு. வெள்ளக்காரங்க அள்ளிக்கிட்டுப் போவாங்க."

"வெள்ளக்காரங்க கூடை தூக்குறாங்களா?" என்று பக்கத்திலிருந்து கேட்டாள் அவள் அம்மா. பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவளோடு கொழுந்தெடுக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் குல்லா வேண்டுமாம்.

"நீங்க யாரும் மொட்டை போடலையே, முடியெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

பக்கத்துக் காம்பரா அக்கா கொண்டையை அவிழ்த்தார். நெற்றிக்கு மேல் முடியை இரண்டு கையாலும் விலக்கி, எனக்கு நேராகக் குனிந்தார். அதே தடம். அதே அகலம். "எனக்கு இதவிட ஆழம்," என்று இன்னொருத்தி குனிந்தாள். பிறகு ஆளாளுக்கு முடியை விலக்கி, யாருடையது பெரிது என்று பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்ததால் நானும் சிரித்து வைத்தேன்.

அப்போதுதான் அவர்கள் கீழே இறக்கி வைத்திருந்ததைக் கவனித்தேன். ஒவ்வொருத்தி காலடியிலும் ஓர் ஒடிந்த குடை. அதன்மேல் கருப்பு, சாம்பல், காப்பி நிறம் என்று மடித்துப் போட்ட கல்யாணக் கோட்டுகள்.

"ஒங்க வீட்டு அண்ணன்மாருக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரிஞ்சா தராதுங்க தம்பி," என்றார் அக்கா. "நீங்க பிரிங்க."

நான் தயங்கி உட்கார்ந்திருப்பதைக் குசினியிலிருந்து மனைவி பார்த்துவிட்டாள்.

"என்ன யோசனை? மிதிங்க. அந்தக் காலுக்கு மொட்ட போட்டவ நானு."

முதல் கோட்டை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.