உடைசல் என்று ஒரு லெட்ஜர்

"மேடம், கணக்க முடிச்சுக் குடுத்துடுங்கோ. அவ பங்கு அவளுக்கு, என் பங்கு எனக்கு."

கோதை வந்து நின்று இப்படிச் சொன்னபோது நான் காலை டிபனைக்கூட முடிக்கவில்லை. திருச்சி தில்லை நகரில் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மேஜை விசிறி, இதுதான் என் ஆபீஸ். முப்பது வருஷமாகச் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். பங்குதாரர்கள் பிரிவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஆனால் அன்று இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். இந்தப் பிரிவுக்குக் காரணம் நான் செய்த ஒரு காரியம். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. முறுக்குக் கடை

கோதையும் மும்தாஜும் ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். கோதைக்கு வீடு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில். தனியார் பள்ளியில் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையை விட்டுவிட்டுக் கை முறுக்கு சுற்ற உட்கார்ந்தார். சாதாரண முறுக்கு இல்லை. கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் சீர் தட்டில் வைக்கிற ஏழு சுற்று முறுக்கு. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். மும்தாஜுக்குப் பாலக்கரை. கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். ஆன்லைன் கடையைத் தொடங்கியது, போட்டோ எடுத்துப் போட்டது, பேக்கிங், கூரியர், வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் மும்தாஜ் பொறுப்பு.

முதல் முறை வந்தபோது இருவரும் சேர்ந்துதான் வந்தார்கள். பேங்க் ஸ்டேட்மென்டில் வந்த தொகையை அப்படியே விற்பனை என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆன்லைன் கடைக்காரர்கள் பாதிப் பேர் இந்தத் தப்பைச் செய்வார்கள்.

"இது விற்பனை இல்லம்மா. இது விற்பனையில மிச்சம்" என்றேன்.

வாடிக்கையாளர் கட்டும் பணம் நேராக நம் பேங்குக்கு வருவதில்லை. பேமெண்ட் கேட்வே என்ற இடைக் கம்பெனி அதை வாங்கி, தன் கட்டணத்தையும் அந்தக் கட்டணத்துக்கான ஜிஎஸ்டியையும் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று நாள் கழித்துப் பல ஆர்டர்களின் பணத்தை ஒரே தொகையாக அனுப்பும். 1,200 ரூபாய் ஆர்டரில் கட்டணம் 24 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 4 ரூபாய் 32 காசு. கைக்கு வருவது 1,171 ரூபாய் 68 காசு. புத்தகத்தில் விற்பனை 1,200 என்றுதான் ஏற வேண்டும். கேட்வேயை ஒரு ஆளாகப் பாவித்து அதன் பெயரில் ஒரு லெட்ஜர், அதாவது தனிக் கணக்குப் பக்கம், போட வேண்டும். விற்ற அன்று அது நமக்குக் கடன்பட்டிருக்கிறது, பணம் அனுப்பிய அன்று கடன் தீர்கிறது. அந்த லெட்ஜர் கடைசியில் சைபருக்கு வந்தால் கணக்கு சரி.

மும்தாஜ் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். கோதை தன் நோட்டில் ஆர்டர் ஆர்டராக எழுதி வைப்பதை விடவில்லை. பதினெட்டு வருஷம் மார்க் ஷீட் போட்ட கை, கூட்டலில் ஒரு ரூபாய் பிசகாது.

2. சார்ஜிலயே போட்டுடுங்க

இரண்டாவது வாரம் கேட்வே லெட்ஜர் சைபருக்கு வரவில்லை. பதினான்கு ஆர்டர், 16,800 ரூபாய். கட்டணம் போக 16,403 ரூபாய் 52 காசு வந்திருக்க வேண்டும். பேங்கில் ஏறியது 14,003 ரூபாய் 52 காசு. காசு வரை ஒத்துப்போய், சுளையாக 2,400 குறைந்தது. அப்படிக் குறைந்தால் அது அநேகமாக ரீஃபண்டாக இருக்கும். மும்தாஜுக்குப் போன் செய்தேன்.

"ஆமாக்கா, ரெண்டு பேருக்குத் திருப்பிக் குடுத்தேன். முறுக்கு உடைஞ்சு போச்சாம். சாப்பிடுறதுக்குன்னா பரவால்ல, சீர் தட்டுல விரிசல் விட்டத வைக்க மாட்டாங்கல்ல?"

"சரி, ரீஃபண்ட்னு போட்டுடறேன்."

"அக்கா, அக்கா, ஒரு நிமிசம். அத சார்ஜ்லயே சேத்துப் போட்டுடுங்களேன். கோதைக்குத் தெரிய வேணாம். வேலைய விட்டுட்டு வந்து உக்காந்திருக்கா. முதல் மாசமே உடைஞ்சு போகுதுன்னு கேட்டா அடுப்ப அணைச்சிருவா. நான் வேற டப்பா பாத்துட்டிருக்கேன், சரியாயிடும்."

அந்தப் பாசம் எனக்குப் பிடித்திருந்தது. மொத்தம் சரியாக இருக்கிறது, லாபம் மாறப் போவதில்லை, தலைப்பு எதுவானால் என்ன என்று நினைத்தேன். 'கேட்வே கட்டணம்' என்ற லெட்ஜரிலேயே போட்டுவிட்டேன். விற்ற சரக்கு திரும்பினால் விற்பனையைக் குறைத்து கிரெடிட் நோட் போட வேண்டும், அதற்குரிய வரியைக் குறைக்க வேண்டும் என்பது தெரிந்தும்தான் போட்டேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது. டப்பா மாறிக்கொண்டே இருந்தது, முறுக்கு உடைந்துகொண்டே இருந்தது.

மூன்று மாதம் கழித்து இருவருக்கும் கணக்கு அனுப்பினேன். விற்பனை மூன்று லட்சம். கேட்வே கட்டணம் 45,480.

3. நூத்துக்குப் பதினஞ்சு

அந்தக் காகிதத்தைத்தான் கோதை என் மேஜையில் விரித்தார். கேட்வே கட்டணத் தொகையைச் சுற்றிப் பென்சிலால் கட்டம் கட்டியிருந்தார்.

"நீங்கதானே மேடம் சொன்னேள், நூத்துக்கு ரெண்டு ரூபா சொச்சம்னு? இது நூத்துக்குப் பதினஞ்சு. நாலு நாளா கூட்டிக் கூட்டிப் பாத்துட்டேன். கேட்வே பாஸ்வேர்டு அவகிட்டதான் இருக்கு. பாக்கிப் பணம் எங்க போறது?"

"நீங்க அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது? இருபத்தஞ்சு வருஷப் பழக்கம். நீ எடுத்தியான்னு வாயால கேட்டா அப்பறம் அந்த ஆத்து வாசப்படிய மிதிக்க முடியுமா? அதுக்கு நாகரிகமா பிரிஞ்சுடறதே மேல்."

கண் கலங்கியிருந்தது. கோபம் இருந்தால்கூட எனக்குச் சமாளிக்கத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மும்தாஜைக் கேட்காமல் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு, அவர் மேல் திருட்டுப் பழி விழுந்து கிடக்கும்போது யாரிடம் அனுமதி கேட்பது என்று தோன்றியது.

"தப்பு என்னோடது. உக்காருங்க" என்றேன்.

கேட்வே அனுப்பிய ரிப்போர்ட்டைத் திறந்தேன். ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. மும்தாஜ் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். நான் வாசித்தேன். வளைகாப்பு, இரண்டு உடைந்தது. நிச்சயதார்த்தம், ஒன்று விரிசல். சீர், மூன்று தூள். மொத்தம் முப்பத்திரண்டு வரிகள், 38,400 ரூபாய். மீதி 7,080 மட்டும்தான் உண்மையான கட்டணம்.

கோதை ஸ்க்ரீனில் கடைசி வரிவரை இறங்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நன்னா இருந்துதுன்னு யாராவது எழுதியிருக்காளா?"

அதற்கு அந்த ரிப்போர்ட்டில் கட்டம் இல்லை. இல்லை என்று சொல்ல எனக்கு என்னவோபோல் இருந்தது.

போன் செய்ததும் மும்தாஜ் அரை மணியில் ஸ்கூட்டியில் வந்தார். ஸ்க்ரீனைப் பார்த்தார், கோதையைப் பார்த்தார். கோதை கணக்கை முடிக்கக் கேட்டதையும் ரிப்போர்ட்டை நான் காட்டியதையும் சொன்னேன்.

"ஏண்டி, என் முறுக்கு உடையறது ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாதா? மூணு மாசமா உடையறதயே சுத்திண்டு உக்காந்திருக்கேனே!" என்றார் கோதை.

"நீ மனசு விட்டுருவேன்னு பயந்துதான்டி..." என்று தொடங்கிய மும்தாஜ் நடுவில் நிறுத்தினார். பென்சில் கட்டம் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. "பிரிச்சுக் குடுங்கன்னா கேட்ட? நான் எடுத்தேன்னு நெனச்சியா?"

கோதை அந்தக் காகிதத்தை அவசரமாக மடித்தார். மும்தாஜ் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நான் வரவழைத்த டீ மூன்றும் ஆறிப்போயின.

4. ஒண்ணாம் நம்பர் பஸ்

அடுத்த பத்து நாள் அவர்கள் கடையில் ஒரு ஆர்டர்கூட இல்லை. மும்தாஜ் கடையை நிறுத்தி வைத்திருந்தார். நான் அந்த நாட்களில் மூன்று மாதப் பதிவுகளையும் திருத்தினேன். விற்பனைத் திருப்பத்தின் கீழ் 'உடைசல்' என்று தனி லெட்ஜர் திறந்து, முப்பத்திரண்டையும் ஒவ்வொன்றாக அங்கே மாற்றி, கிரெடிட் நோட்டுகளைப் போட்டேன். மூன்று மாதத்துக்கு வாங்கிய ஃபீஸை இருவருக்கும் திருப்பி அனுப்பினேன். ரீஃபண்ட் கொடுப்பது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரிந்தது.

பிறகு நடந்ததைக் கோதையே சொன்னார். ஒருநாள் மத்தியானம் எட்டு முறுக்கைப் புது டப்பாவில் அடுக்கி, ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறியிருக்கிறார். டப்பாவை மடியில் வைத்துக்கொள்ளாமல், கூரியர் மாதிரியே குலுங்கட்டும் என்று பின்சக்கரத்துக்கு மேலே இருந்த சீட்டுக்கடியில் வைத்திருக்கிறார். பாலக்கரையில் இறங்கி, மும்தாஜ் வீட்டுக் கதவைத் தட்டி, "மொதல்ல டப்பாவத் தெற, அப்பறம் என்னத் திட்டிக்கோ" என்றிருக்கிறார்.

திறந்தார்கள். எட்டில் மூன்று உடைந்திருந்தது.

"கூரியர்காரன் மேல பழியப் போடலாம்னு பாத்தேன் மேடம். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸே ஒடச்சுடுத்து" என்று கோதை சிரித்தார். அவரோடு சேர்ந்து என் ஆபீசுக்கு வந்திருந்த மும்தாஜும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. எல்லாம் முழுசாக ஆறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடை திறந்தது. கூரியருக்கு இனி ஐந்து சுற்று, ஒவ்வொன்றும் தனி அட்டைக்குள். ஏழு சுற்று வேண்டுமென்றால் ஸ்ரீரங்கத்துக்கே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்வே பாஸ்வேர்டு இப்போது இருவரிடமும் இருக்கிறது.

மொத்தம் சரியாக இருந்தால் போதும் என்று முப்பது வருஷம் நம்பியிருந்தேன். போதாது. ஒரு செலவை அதன் சொந்தப் பெயரில் எழுதாவிட்டால், படிக்கிறவர் அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வார். கோதை வைத்த பெயர் திருட்டு.

போன மாதக் கணக்கு அனுப்பிய அன்று கோதை போன் செய்தார்.

"மேடம், உடைசல்னு இருந்த வரியக் காணோமே?"

"இந்த மாசம் ஒண்ணுகூட உடையலம்மா. சைபர் இருக்கிற லெட்ஜர சாஃப்ட்வேர் தானா காட்டாது. அதான் வரல."

"சைபர்னாலும் போட்டுடுங்கோ மேடம். இல்லேன்னா மறச்சாப்ல இருக்கு."

செட்டிங்கை மாற்றி இருவருக்கும் மறுபடி அனுப்பினேன்.