மூன்று முறை வாசித்த ஓலை

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியிடம் சொல்லலாம் என்று பொதுவில் அறிவிப்பது. பிரேசர் டவுனில் காலைத் தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லோருக்கும் இப்படித்தான் யார் வீட்டில் கல்யாணம் என்று தெரியும். ஆறு மாதத்துக்குள் மந்திரிப்பு, அதாவது கோயிலில் கல்யாணம், நடக்காவிட்டால் ஓலை காலாவதி. திரும்பவும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். என் பெயரை மூன்று தடவை அப்படி வாசித்தார்கள். அதற்குக் காரணம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் என்றுதான் ஒரு வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு நிச்சயமான மாப்பிள்ளை பாண்டிச்சேரிக்காரர். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் குடும்பத்துக்கே பிரெஞ்சு பாஸ்போர்ட். அதைக் கையில் வைத்துக்கொண்டு லண்டன் விமான நிலையத்தில் வேலை பார்த்தார். ஐரோப்பாவில் எந்த நாட்டு பாஸ்போர்ட் இருந்தாலும் அங்கே போய் இருக்கலாம் என்ற காலம் அது. நிச்சயத்துக்கு வந்தபோது எங்கள் வீட்டு முன்னறையில் முட்டியைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கு முறை பேசியிருப்போம். நல்ல மாதிரி. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார்.

லண்டன் திரும்பியதும் தன் அறை ஜன்னலிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பினார். செங்கல் சுவர், இலையே இல்லாத ஒரு மரம், வெள்ளையாக வானம். அவ்வளவுதான். அந்தப் படத்துக்குள் நான் குடியேறிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு பூகோளம் நடத்திக்கொண்டே அந்தச் சுவரை ஒட்டி நடப்பேன். அல்சூரிலிருந்து மெட்ரோ ஏறினால் ஏரி தெரிகிற அந்த அரை நிமிடத்தில் அது தேம்ஸ் ஆகிவிடும். மூடுபனி, சாம்பல் கோட், கையில் காகிதக் கோப்பை, யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு நீளமான தெரு. அந்தத் தெருவில் எனக்கு ஒரு கடைக்காரி கூட இருந்தாள். தினமும் என்னிடம் மழையைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வாள். இறங்க வேண்டிய ஸ்டேஷனை இரண்டு தடவை தவறவிட்டிருக்கிறேன். நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது அதைவிட நிஜம் எதுவும் இல்லை.

முதல் ஓலை நவம்பரில் வாசித்தார்கள். ஜனவரியில் மந்திரிப்பு. அதற்குள் லண்டனில் களேபரம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் எப்படிப் போவது என்று பிரதமர் ஒரு ஒப்பந்தம் கொண்டுவர, ஓட்டெடுப்பைத் தள்ளிவைத்தார்கள். ஜனவரியில் அது படுதோல்வி. மாப்பிள்ளை போன் செய்தார். "எனக்கே இங்க இடம் உண்டா இல்லையான்னு தெரியல. உங்களக் கூட்டிட்டு வந்து நடுத்தெருவுல நிறுத்தக் கூடாதில்லையா? மார்ச் முடியட்டும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. மார்ச் கடைசியில் பிரிட்டன் வெளியேறுவதாக இருந்தது. ஆனால் மார்ச்சில் எங்களுக்குத் தவக்காலம்.

"அவங்க எப்ப வேணா போகட்டும். தவக்காலத்துல கல்யாணம் கெடையாது. ஈஸ்டர் ஆகட்டும்" என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

அம்மா டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா இறந்த பிறகு நாங்கள் இரண்டே பேர். அந்த வருடம் அவள் சீரியலை எல்லாம் விட்டுவிட்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் பார்க்க ஆரம்பித்தாள். அங்கே மத்தியானம் என்றால் இங்கே சாயங்காலம், காபியோடு உட்கார்ந்துவிடுவாள். பச்சை பெஞ்சுகளில் நெருக்கியடித்துக்கொண்டு கோட்டுப் போட்ட ஆட்கள் கத்துவார்கள், ஒருவர் நடுவில் உட்கார்ந்து அவர்களை அடக்குவார். "கார்ப்பரேஷன் கவுன்சில் மாதிரியே இருக்குடி, இங்கிலீஷ்ல" என்பாள். யார் எந்தக் கட்சி, யார் யாருக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள் எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்கு அந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி. கண்ணை மூடினால் சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

மார்ச்சில் போகவில்லை. ஏப்ரலிலும் போகவில்லை. கெடு அக்டோபர் வரைக்கும் நீண்டது. ஆனாலும் மே மாதம் வந்துவிடுவதாக அவர் சொன்னதால், ஈஸ்டர் முடிந்து இரண்டாம் தடவை ஓலை வாசித்தார்கள். இரண்டு ஞாயிறு ஆன பிறகு போன் வந்தது. லீவு இல்லையாம். அக்டோபர் முடியட்டும், எல்லாம் ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

அக்டோபரில் மூன்றாம் தடவை. இந்த முறை பெயரைப் படிக்கும்போதே பெண்கள் பக்கத்தில் முக்காடுகளுக்குள் சிரிப்புச் சத்தம். எனக்குக் காது சுட்டது. வெளியே வந்தால், கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற அக்கா, "இன்னா டீச்சர், லண்டன்காரங்க இந்த வாட்டியாச்சும் உட்டுடுவாங்களா?" என்று கேட்டாள். பங்குச்சாமி இன்னும் மோசம். "அம்மா, அவங்க ராணி கையெழுத்துப் போட்டப்புறம் நாம அடுத்த ஓலை எழுதலாம்" என்று தோளைக் குலுக்கிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். பேஜார்தான். ஆனால் வெட்கப்படுவதற்கு என் பக்கம் ஒன்றும் இல்லையே, ஒரு நாடே அல்லவா தடுமாறுகிறது என்று ஒரு பெருமை கூட உள்ளுக்குள் இருந்தது.

அரையாண்டுத் தேர்வில் ஐரோப்பிய ஒன்றியத்தில் எத்தனை நாடுகள் என்று கேட்டிருந்தேன். இருபத்தேழு என்று எழுதியவர்களுக்கும் மதிப்பெண் போட்டேன், இருபத்தெட்டு என்று எழுதியவர்களுக்கும் போட்டேன்.

கெடு மறுபடி ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அவரும் தள்ளினார். அதற்கு அடுத்த வாரம் பாண்டிச்சேரியிலிருந்து அவருடைய அத்தை பேசினாள். ஜாக்கெட் அளவு கேட்பதற்காக எடுத்த போன். பேச்சுவாக்கில் சொன்னாள்:

"எங்க தெருவுல மட்டும் மூணு புள்ளைங்க ஓடியாந்து கட்டிக்கினு போயிட்டாங்கமா. அந்த நாடு வெளிய போறதுக்குள்ள கட்டிக்கிட்டாத்தான் பொண்டாட்டியக் கூப்பிட்டுக்கிறது சுலுவாமே? அப்புறம் இழுத்தடிப்பானாம். இவன் ஒருத்தன் தான் ஆற அமர இருக்கான். இத்தினிக்கும் அங்கியே தங்குறதுக்குப் பேப்பரு அவனுக்கு சித்திர மாசமே வந்துடிச்சி."

போனை வைத்துவிட்டு நோட்டுப் புத்தகங்கள் திருத்த உட்கார்ந்தேன். சித்திரை என்றால் ஏப்ரல், மே. அப்படியானால் மே மாதம் லீவு இல்லை என்று சொன்னபோதே அவர் கையில் பேப்பர் இருந்திருக்கிறது. கதவு மூடுவதற்குள் உள்ளே போக எல்லோரும் முண்டியடிக்கும்போது, இவர் மட்டும் அது மூடிக்கொள்ளட்டும் என்று நின்றுகொண்டிருக்கிறார். சின்னக் குழந்தைக்குக் கூடப் புரிகிற கணக்கு.

அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூன்று மாதம் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் பேசினோம், அங்கே குளிரா என்று கேட்டேன், குளிர் என்றார். கேட்டுவிட்டால் அந்தச் செங்கல் சுவரும் மரமும் மழைக்குக் குறைபடுகிற என் கடைக்காரியும் போய்விடுவார்கள். அவர்களை இழக்க எனக்கு மனசு வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசியில் பிரிட்டன் போயே விட்டது. எங்களுக்கு அது சனிக்கிழமைக் காலை. டிவியில் கொடிகளை ஆட்டிக்கொண்டு ஆட்கள் பாட, சிலர் அழுதார்கள். ஜன்னலுக்கு வெளியே தெருமுனை மரம் முழுக்க ரோஸ் நிறத்தில் பூத்திருந்தது. அம்மா காபியை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நான் மாடிக்குப் போய் அவருக்குப் போன் செய்தேன்.

"போயாச்சே. இனிமே எதுக்காகக் காத்திருக்கிறோம்?" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"பேப்பர் வந்தது எனக்குத் தெரியும்" என்றேன்.

"மன்னிச்சிடுங்க" என்றார். "உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. வேற யாரும் கெடையாது, சத்தியமா. எனக்குப் பயமா இருந்திச்சி. எனக்கே இங்க ஒட்டல, இன்னொருத்தங்களையும் கொண்டாந்து... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒவ்வொரு தரமும் அவங்க தேதியத் தள்ளிப் போடறப்ப, அப்பாடான்னு இருந்திச்சி."

கோபப்படத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் அந்த 'அப்பாடா' என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. "உடம்பப் பார்த்துக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் ரிமோட்டைத் தேடி டிவியை அணைத்தாள். என்னைத் திட்டுவாள், அல்லது அவரைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அழ ஆரம்பித்தாள்.

"நாந்தான்டி பாவி. ஒவ்வொரு ஓட்டு எடுக்கறப்பவும் தோத்துப்போகணும், தோத்துப்போகணும்னு வேண்டிக்கிட்டேன். நீ போயிட்டா இந்த வீட்டுல நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அவர்மேல் வராத கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே!

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மம்மி?"

"கேட்டா போறேன்னு சொல்லியிருப்ப."

அது உண்மை. வெளியே ஒரு ஆட்டோ நின்று, யாரோ கன்னடத்தில் வழி கேட்டுக்கொண்டு போனார்கள். அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, இப்பக் கேக்கறேன். போகணும்னு அவ்ளோ ஆசையா இருந்ததா?"

யோசித்தேன். நிஜமாகவே அப்போதுதான் முதல் தடவையாக யோசித்தேன். அந்தத் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தேன். கடைக்காரி இருந்தாள், மழை இருந்தது, நான் இருந்தேன். எத்தனையோ நாள் நடந்த தெரு. அவர் ஒரு நாள்கூட அதில் என் பக்கத்தில் நடந்து வந்ததில்லை.

"அந்த ஊருக்குப் போகணும்னு இருந்தது மம்மி" என்றேன். "அவர்கிட்டப் போகணும்னு தோணவே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.