டாலிகஞ்ச் ஹாஸ்டலில் ஒரு பேச்சு பந்த்

லேடீஸ் ஹாஸ்டல் சூப்பரிண்டெண்ட் என்றால் கட்டடத்தில் நடக்கிற அத்தனைக்கும் பொறுப்பு, ஆனால் ஒன்றும் காதுக்கு வராது. அதுதான் இந்த உத்தியோகத்தின் லட்சணம். என்னைப் போல வார்டன் வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், பெண்ணை ஹாஸ்டலில் விட்டுவிட்டு போனில் அவள் குரலை வைத்தே ஜோசியம் பார்க்கிற அம்மாக்களுக்கும் நான் சொல்வது புரியும். டாலிகஞ்ச் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் எங்கள் காலேஜ் ஹாஸ்டல். ராகிங் தடுப்புக் கமிட்டியிலும் நான் ஓர் உறுப்பினர். கமிட்டியில் சேருவதற்கு முன்னால் ராகிங் என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். இப்போதுதான் ஒரே குழப்பம். பெண்கள் பெங்காலியில் சொன்னதைத் தமிழில்தான் தருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குனிந்த தலைகள்

மழைக்காலத்தில் புதுப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். கொசுவலை வந்ததா என்று கேட்டால் குனிந்துகொண்டு பதில். சாப்பாடு பிடித்ததா என்றால் அதற்கும் குனிந்துகொண்டு பதில். பரவாயில்லையே, இந்தக் காலத்தில் இவ்வளவு அடக்கமா என்று உள்ளூர சந்தோஷப்பட்டேன். ஒருத்தி நேராக வந்து தண்ணீர் ஃபில்டரில் முட்டிக்கொண்ட பிறகு, கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று காலேஜ் டாக்டரைக் கூப்பிட்டு எல்லோருக்கும் கண் பரிசோதனை வைத்தேன். டாக்டர் எல்லோருக்கும் பார்வை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கும்பலில் ஒருத்தி மட்டும் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். வைஷ்ணவி, நம் தமிழ்ப் பெண். அப்பாவுக்கு சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை, வீடும் அங்கேயே குவார்ட்டர்ஸில். அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். சீனியர்கள் கூப்பிட்டு 'இன்ட்ரோ' கேட்பார்களாம். பேர், ஊர், படித்த ஸ்கூல் எல்லாம் ஒப்பிக்க வேண்டும், அதுவும் சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்துக்கொண்டே. "இவங்க போடற குர்த்தியில பட்டனே இல்லையேம்மா?" என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "இருக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டுப் பாக்கணும் ஆன்ட்டி."

முதல் பரிசு

கமிட்டி உடனே காரியத்தில் இறங்கியது. ராகிங் எதிர்ப்பு போஸ்டர் போட்டி. நாடகக் குழு சீனியர்களின் போஸ்டருக்கு முதல் பரிசு. கண்ணீர் விடும் ஒரு பெண், பின்னால் நிழலாக நாலைந்து உருவங்கள். கமிட்டித் தலைவர் உருகிப்போனார். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. பரிசு வாங்க மேடைக்கு வந்த சீனியர்களின் கைகள் சுத்தமாக இருந்தன, கீழே உட்கார்ந்து கைதட்டிய ஜூனியர்களின் நகங்களில்தான் பெயின்ட்.

நாடகக் குழுவின் தலைவி பௌலமி, மூன்றாம் வருஷம், மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். அவளைக் கூப்பிட்டு விசாரித்தேன். ஆமாம், ஜூனியர்கள்தான் வரைந்தார்களாம். முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னது சீனியர்கள்தானாம். "இதுக்குப் பேர் என்னம்மா?" என்றேன். அந்தப் பெண் நடிக்கவில்லை, நிஜமாகவே புரியாமல் விழித்தாள். "ஜூனியர்ஸுக்கு விழிப்புணர்வு வரணும்னுதானே மேம் வரையச் சொன்னோம்?"

சாந்த்ராகாச்சி போன்

துர்கா பூஜைக்கு முன்னால் ஒரு நாள் வைஷ்ணவியின் அம்மா போன் செய்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றுதான் ஆரம்பித்தார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம்தான் எப்போதும் இப்படி ஆரம்பிக்கும்.

பெண் காலேஜை விட்டுவிடுகிறேன் என்கிறாளாம். காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. பிசிக்ஸ்தான் படிப்பேன், இந்தக் காலேஜில்தான் படிப்பேன் என்று அழுது அடம்பிடித்துச் சேர்ந்தவள். இப்போது விட்டால் வேறெங்கும் இடம் கிடையாது, ஒரு வருஷம் பாழ். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா டாக்ஸியோடு வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்க நம்ம ஊர்க்காரங்கதானே அக்கா, தமிழ்ல கேட்டா ஒருவேளை சொல்லுவாளோ என்னவோ."

ஃபேனுக்குச் சொன்ன சேதி

தமிழில் கேட்டேன். அவள் பெங்காலியில் பதில் சொன்னாள். துக்கம் அவளுக்கு அந்த பாஷையில்தான் வரும்போல.

இன்ட்ரோவில் தலையைக் குனியமாட்டேன் என்று நின்றிருக்கிறாள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பௌலமி "சரி, போ" என்றாளாம். மறுநாளிலிருந்து ஹாஸ்டலில் ஒருத்தியும் அவளோடு பேசுவதில்லை. பேச்சு பந்த். யாராவது அவளோடு பேசினால் பேசினவளுக்கும் பந்த். மெஸ்ஸில் இவள் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகும். நாள் முழுக்கத் தன் குரலைத் தானே கேட்காமல், சில சமயம் பாத்ரூமில் போய்ச் சும்மா பேசிப் பார்த்துக்கொள்வாளாம்.

"உன் ரூம்மேட் கூடவா பேசலை?" என்றேன். ரூம்மேட் டிதிர், வாய் மூடத் தெரியாத பெண். முதல் தடவையாக வைஷ்ணவியின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. "அவ ஃபேனைப் பாத்துச் சொல்லுவா ஆன்ட்டி, 'ஃபேனே, நாளைக்கு லேப் காலையிலேயே இருக்கு, சீக்கிரம் எழுந்துக்கோ'ன்னு."

கமிட்டி கூடியது

விடுவேனா? கமிட்டியைக் கூட்டினேன். சமோசா, டீ எல்லாம் வந்தது. தலைவர் கெமிஸ்ட்ரி புரொபசர், நல்ல மனுஷர், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். வைஷ்ணவியை உட்காரவைத்து அன்பாகத்தான் கேட்டார். அடித்தார்களா? இல்லை. திட்டினார்களா? இல்லை. ஏதாவது செய்யச் சொன்னார்களா? இல்லை. கேட்கக் கேட்க அவர் முகம் தெளிவாகிக்கொண்டே வந்தது, அவள் முகம் வாடிக்கொண்டே போனது.

பேசாமல் இருப்பதுதான் சார் கொடுமை என்று நான் சொன்னேன். யாரையும் பேசும்படி எப்படிக் கட்டாயப்படுத்துவது, அதுவே ராகிங் ஆகிவிடாதா என்று திருப்பிக் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. அதனால்தான் எனக்கு மண்டை காய்ந்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "யாரும் ஒண்ணுமே சொல்லலைன்னா, நாம யாரைன்னு கேக்கறது?"

பாதுகாப்பு

இருந்தாலும் சும்மா கலைந்தால் கமிட்டிக்கு மரியாதை இல்லையே. அதனால் ஒரு தீர்மானம் போட்டார்கள். மாணவியின் பாதுகாப்பை முன்னிட்டு, அவளை என் ஆபீசுக்குப் பக்கத்து கெஸ்ட் ரூமுக்கு மாற்றுவது. மற்ற மாணவிகள் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. சாப்பாடும் ரூமுக்கே வந்துவிடும். எல்லோருக்கும் பரம திருப்தி. நானும் புதுப் பெட்ஷீட் போட்டு, ஜன்னலில் கொசுவலை அடித்து, அறையைப் பெருமையாகத் திறந்து காட்டினேன்.

வைஷ்ணவி சுற்றிப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைக்கவில்லை. ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்: "அங்க ஃபேனாவது இருந்தது ஆன்ட்டி."

பின்னிவிட்ட தலை

பௌலமியைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடிப்பது என்று உட்கார்ந்தேன். ஆனால் இவள்தான் போன மாதம் ஒரு ஜூனியருக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்தவள். இளநீர் வாங்கி ஊட்டிவிட்டவள். எந்த பௌலமியைத் திட்டுவது?

கேட்டேன். முதல் வருஷத்தில் அவளுக்கும் பந்த் போட்டார்களாம். துர்கா பூஜையில் எல்லோரும் புதுத்துணி உடுத்தி அம்மன் பந்தல் பந்தலாகச் சுற்றியபோது அவள் தனியாக ரூமில் கிடந்தாளாம். சொல்லும்போது அந்தப் பெரிய குரல் சுருங்கிப்போனது. "அப்புறம் ஏன்டியம்மா இதே கூத்து?" என்றேன். "பேச்சை நிறுத்தின சீனியர் தீதிங்கதான் மேம் அப்புறம் என் தலையைப் பின்னிவிட்டாங்க. அவங்க இல்லேன்னா நான் இந்தக் காலேஜ்ல இருந்திருக்கவே மாட்டேன்." அவர்கள் பேச்சை நிறுத்தாவிட்டால் போக வேண்டும் என்றே தோன்றியிருக்காதே என்று கேட்டேன். மெதுவாகக் கேட்டாள்: "அது வேற, இது வேற இல்லையா மேம்?"

ஞாயிற்றுக்கிழமை மெஸ்

டாக்ஸி மத்தியானம் வர வேண்டும். கடைசியாக ஒரு வேளை எல்லோரோடும் சாப்பிடுகிறேன் என்று வைஷ்ணவி மெஸ்ஸுக்கு வந்தாள். கூடாது என்று தீர்மானம், நான்தான் கண்டுகொள்ளவில்லை. வழக்கம்போல பக்கத்து நாற்காலிகள் காலியாயின. அப்போது டிதிர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். தட்டில் பருப்பு தளும்பியது. நேராகப் போய் வைஷ்ணவிக்கு எதிரே உட்கார்ந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "அந்தக் கத்தரிக்காயை நீ சாப்பிடலேன்னா எனக்குக் குடு" என்றாள்.

மெஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "உனக்கும் பந்த்டி" என்று வைஷ்ணவி அழுதுகொண்டே சொன்னாள். டிதிர் கத்தரிக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னதை நான் ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் நின்று, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்: "போடட்டும், உன்கூடப் பேசாம எனக்குத்தான் மூச்சு முட்டுது."

புதுப் புகார்

டாக்ஸியில் வந்த அப்பாவிடம், "செமஸ்டர் முடியட்டும்பா" என்று சொல்லி வைஷ்ணவி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மனுஷர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நானும் அவரை அப்படியேதான் பார்த்தேன்.

சட்டம் சட்டம்தானே? டிதிருக்குப் பந்த். டிதிருக்கு உப்பு எடுத்துக் கொடுத்தவளுக்குப் பந்த். டிதிர் ஜோக்குக்குச் சிரித்தவளுக்கும் பந்த். துர்கா விசர்ஜனம் முடிந்து எல்லோரும் ஊரிலிருந்து திரும்பிய கொஞ்ச நாளில் முதல் வருஷப் பெண்கள் மொத்தமும் வைஷ்ணவியின் அந்த ஒரே டேபிளில் நெருக்கியடித்து உட்கார்ந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சீனியர்களுக்கு அதற்கப்புறம்தான் உறைத்தது. தண்ணீர் பாட்டிலை நிரப்பச் சொல்ல வேண்டுமானால் ஜூனியரோடு பேச வேண்டும். பேசினால் தங்களுக்கே பந்த். குளிர்கால நாடகத்துக்கு ஒத்திகையும் நின்றுபோனது, பாதி வேஷம் ஜூனியர்களுடையது.

நேற்று பௌலமி என் ஆபீசுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. பக்கத்து மெஸ்ஸிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. உட்கார் என்று சொல்லியும் உட்காரவில்லை. "மேம், நானே போய்ப் பேசினேன், ஜூனியர்ஸ் ஒருத்தரும் எங்களோட பேச மாட்டேங்கறாங்க. இது ராகிங்ல வருமா?"

வரும் என்றும் வராது என்றும் சொல்லத் தெரியாமல், அழுகிறவளுக்கு ஒரு டீயும் சிரிக்கிற கும்பலுக்கு ஒரு கெட்டில் டீயும் சொல்லி அனுப்பியதுதான் ராகிங் தடுப்புக் கமிட்டி உறுப்பினராக இதுவரை நான் எடுத்த ஒரே உறுதியான நடவடிக்கை.